பெட்டியடியில் இடம் எங்கே? பழந்தாள் படிக்கப் பழகுவோருக்கு ஐந்து இணையக் குழுக்கள்: ஓர் ஒப்பீடு

ஆடி மாதத்தில் பத்திரிகை வேலை கிடையாது. காரைக்குடியில் கல்யாணப் பத்திரிகையும் மணிவிழா மலரும் அடித்துக் கொடுக்கும் என் கடைக்கு அந்த ஒரு மாதம் வருகிறவர்கள் வேறு மாதிரி ஆட்கள். கையில் மஞ்சள் பை. பைக்குள் செல்லரித்த பேரேடு, ரங்கூனிலிருந்து வந்த கடிதக் கட்டு, அட்டையில் ஒட்டிய புகைப்படம். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பெட்டகத்தைக் குடைந்ததில் கிடைத்திருக்கும்.

போன ஆடியில் பள்ளத்தூரிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் அப்படியொரு பேரேட்டை மேசையில் விரித்து வைத்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "நீங்கள் படித்துச் சொல்ல வேண்டாம் தம்பி. எனக்கே படிக்க வர வேண்டும். எங்கே சேர்ந்தால் கற்றுக்கொள்ளலாம்?" என்றார். ஏற்கெனவே பதினோரு இணையக் குழுக்களில் சேர்ந்திருந்தார். மூன்று மாதத்தில் என்ன கற்றீர்கள் என்று கேட்டேன். "காலை வணக்கத்தை வகை வகையாகச் சொல்லக் கற்றிருக்கிறேன்."

அவருக்கு அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். நான் இந்த ஐந்திலும் இருந்து பார்த்தவன். இரண்டிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறி, ஒன்றுக்கு மட்டும் திரும்பிப் போனவன்.

## எதை வைத்து அளப்பது

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு அது உதவாத கணக்கு. நான் நான்கைப் பார்ப்பேன்.

முதலாவது, பெட்டியடி இருக்கிறதா என்பது. இந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்த, போனவர்கள் தொழில் கற்ற வழியை நினைத்துப் பாருங்கள். பர்மாவுக்கோ மலாயாவுக்கோ போன பையனுக்கு அங்கே யாரும் பாடம் எடுக்கவில்லை. பெட்டியடிப் பையனாகப் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எடுபிடி வேலை செய்தான், கடிதம் படி எடுத்தான், கூட்டிப் பார்த்தான், தப்பினால் திட்டு வாங்கினான். பிறகு அடுத்தாள் ஆனான். ஏஜெண்டு ஆனது அதற்கும் பிறகு. 1991இல் ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு அறிஞர்கள் லைபீரியாவின் தையல்காரர்களைப் பற்றி ஏறக்குறைய இதையே எழுதினார்கள். அங்கே பழகுகிறவன் முதலில் பொத்தான் தைப்பான், ஓரம் மடிப்பான். துணி வெட்டுவது கடைசியில்தான் கைக்கு வரும். பொத்தான் கோணினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டு கோணினால் துணி போயிற்று. ஆக, ஒரு குழுவில் நுழைந்த முதல் நாளே, தப்பினாலும் நட்டமில்லாத சிறு வேலை ஒன்று உங்கள் கைக்கு வருகிறதா?

இரண்டாவது, நீங்கள் தப்பாகச் செய்தால் யார் திருத்துவார்கள், எப்படித் திருத்துவார்கள். நான்கில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் பார்ப்பது இதைத்தான். மூன்றாவது, இன்று ஒருவர் சொன்ன விளக்கம் ஆறு மாதம் கழித்துத் தேடினால் அகப்படுமா. நான்காவது, சேரும்போது கண்ணில் படாத செலவு: நேரம், தொலைபேசி எண், உரிமை, சொந்தக்காரர்களின் முகத்திருப்பல்.

அவசரக்காரர்களுக்கு ஒரு அட்டவணை:

| குழு | முதல் நாள் வேலை | திருத்துபவர் | பழையது கிடைக்குமா | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| வாட்ஸ்அப் | கேள்வி கேட்பது | விவரம் தெரிந்த பெரியவர், இருந்தால் | அரிது | தொலைபேசி எண், நேரம் |
| பேஸ்புக் | படம் போடுவது | பாராட்டுகளுக்கு நடுவே ஒருவர் | ஓரளவு | உறவுச் சண்டை |
| விக்கிமூலம் | ஒரு பக்கம் மெய்ப்புப் பார்ப்பது | கட்டாயம் இன்னொருவர் | முழுவதும் | கண்வலி, பாராட்டில்லாமை |
| விக்கிப்பீடியா | எழுத்துப்பிழை திருத்துவது | யாரும், எப்போதும் | முழுவதும் | உரிமை, கொஞ்சம் தன்மானம் |
| ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் | தெருப்பெயர் சேர்ப்பது | எப்போதாவது ஒருவர் | முழுவதும் | வெயில் |

## வாட்ஸ்அப் குழு

இதை ஏளனம் செய்கிறவர்கள் அதிகம். நான் செய்ய மாட்டேன்; காரணம் ஆச்சியின் பேரேடுதான். அதில் பக்கத்துக்குப் பக்கம் 'ஷ' போன்ற ஓர் எழுத்து சுழித்துக்கொண்டு நின்றது. "இந்த ஷ என்கிறவருக்கு எல்லா மாதமும் பணம் போயிருக்கிறது, யாரென்று தெரியவில்லை" என்று அவர் மெய்யாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். முப்பது பேர் மட்டும் இருக்கும் ஒரு குழுவில் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டோம். கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பத்து நிமிடத்தில் குரல் பதிவு அனுப்பினார்: "அது ஆள் இல்லை ஆச்சி. மேற்படி." அதே மூச்சில் ௶ என்றால் பற்று, ௷ என்றால் வரவு, ௵ என்றால் வருடம் என்று சொல்லிவிட்டு, ஐந்தொகை (கணக்கு முடிப்பு) போட்டிருக்கும் பக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொன்னார். தட்டச்சு தெரியாதவர் அவர். எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும் என்றிருந்தால் அந்த அறிவு அவரோடேயே இருந்திருக்கும்.

(இந்தக் குறிகள் 2003லேயே கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடில் சேர்ந்துவிட்டன. முந்திரி, மாகாணி, அரைக்கால் போன்ற பின்னங்களின் குறிகள் 2019இல்தான் வந்தன. அச்சுத் தொழிலில் இருந்துகொண்டு எனக்கே இது தாமதமாகத்தான் தெரிந்தது.)

சிக்கல் பிறகு வந்தது. இரண்டு மாதம் கழித்து வேறொருவர் அதே 'ஷ' பற்றிக் கேட்டார். பெரியவர் மறுபடி சொன்னார். மூன்றாவது முறை சுருக்கமாகச் சொன்னார். நான்காவது முறை சொல்லவில்லை. குரல் பதிவில் சொல்லைத் தேட முடியாது. புதிதாக வருகிறவர் பழைய பேச்சைப் பெரும்பாலும் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு விளக்கமும் ஒரு முறை ஒலித்து மறைகிறது, சொல்கிறவரும் சலித்துப்போகிறார். யாரும் கணக்கில் எழுதாத செலவு அது. உங்கள் தொலைபேசி எண் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும் என்பது இன்னொரு செலவு. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரையும் நீங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள். பெண்கள் இதை யோசித்துத்தான் சேர வேண்டியிருக்கிறது.

படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அளவு சுருங்கிப் பேனாவின் மெல்லிய கோடுகள் அழிந்துபோகும். கணக்கேட்டுப் பக்கங்களை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள்.

எழுதப்படாத அறிவு தேவைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் குழு சின்னதாக இருக்க வேண்டும். வருகிற ஒவ்வொரு குரல் பதிவையும் அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். நோட்டு இல்லாமல் சேர்வதானால் சேராமலே இருக்கலாம்.

## பேஸ்புக் குழு

படங்களுக்கு இதுதான் இடம். நம் பெட்டகத்துப் படங்களுக்குப் பாதி விடை பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறது. அந்தக் கண்கள் இங்கேதான் வந்து பார்க்கின்றன.

கானாடுகாத்தான் வீடொன்றிலிருந்து வந்த ஒரு படத்தை நான் ஒரு குழுவில் போட்டேன். கோட்டு அணிந்த ஒருவர், பக்கத்தில் பிரம்பு நாற்காலி, நாற்காலியில் யாரும் இல்லை. எழுபது பேர் கருத்து எழுதினார்கள். அறுபதுக்கு மேல் 'அருமை', 'பொக்கிஷம்', கைகூப்பும் படம். ஒரே ஒரு பெண்மணி, "பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள்" என்று எழுதினார். அதுவரை அட்டையைத் திருப்பிப் பார்க்கவே எனக்குத் தோன்றவில்லை. பின்னால் பர்மாவின் மவுல்மேன் ஊர் ஸ்டூடியோ ஒன்றின் ரப்பர் முத்திரை. அதன் கீழ் பென்சிலில் 'துன்மதி'. தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வரும். துன்மதி 1921இலும் பிறந்தது, 1981இலும் பிறந்தது. கோட்டின் கழுத்தையும் அட்டையின் தடிமனையும் பார்த்தால் எது என்பதில் சந்தேகமில்லை. அன்றிலிருந்து கடைக்கு எந்தப் படம் வந்தாலும் முதலில் திருப்பிப் பார்க்கிறேன்.

எழுபதில் ஒன்று என்பதை நினைத்து வருந்த வேண்டாம். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது வாய் திறப்பார்கள், ஒருவர்தான் பெரும்பாலான வேலையைச் செய்வார் என்று இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006லேயே தோராயமாகக் கணக்குச் சொன்னார். அந்த ஒருவரைக் கண்டுபிடித்து அவர் எழுதுவதை மட்டும் தொடர்ந்து படித்தாலே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

செலவுக்கு வருவோம். ஒருவர் தன் அப்பத்தாவின் இசைகுடிமானத்தை, அதாவது கல்யாண ஒப்பந்தத்தை, படம் எடுத்துப் போட்டார். எழுத்து அழகாக இருக்கிறது என்பதுதான் அவர் காட்ட நினைத்தது. சீர்ப் பொருளும் தொகையும் அதில் பெயரோடு இருந்தன. மறுநாளே பங்காளி வீட்டிலிருந்து போன் வந்தது. நான் அறிந்தவரை அவர்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. வீட்டின் நிலைக்கதவையும் தூணையும் ஊர்ப்பெயர் சொல்லிப் போடுவது இன்னொரு வம்பு. பழைய கதவும் எனாமல் தூக்கும் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் என்ன விலைக்குப் போகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆளில்லாத வீட்டுக்கு முகவரி எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். பொதுவீடு என்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதம் கேளுங்கள். கேட்டால் ஒருவராவது மறுப்பார், அது வேறு கதை.

நான் கோபித்துக்கொண்டு வெளியேறியது இப்படிப்பட்ட ஒரு குழுவிலிருந்துதான். நடத்தியவர்கள் இருவருக்குள் மனத்தாங்கல்; ஒரு நாள் குழுவே இல்லை. துன்மதிப் படத்தின் கீழிருந்த பேச்சும் அதோடு போயிற்று.

## விக்கிமூலம்

தொடக்கக்காரர் எவர் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, பழைய நூல்களை எழுத்தாக்கி வைக்கும் இந்த இணைய நூலகத்தைத்தான். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு இதன் பெயரே தெரிந்திருக்காது.

வேலை எளியது. பழைய அச்சுப் புத்தகத்தை வருடி ஏற்றியிருப்பார்கள். ஒரு பக்கத்தில் படம், பக்கத்திலேயே எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) அதைப் படித்துத் தந்த உரை. இரண்டையும் ஒப்பிட்டு, உரையில் உள்ள பிழையைத் திருத்த வேண்டும். எழுத்துணரிக்குக் காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தெரியாது; 'காடு' என்பதைக் 'கரடு' என்று படித்துவைக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா எல்லாம் பழைய வடிவில் இருப்பதால் அங்கேயும் இடறும். அச்சில் இருப்பது உங்களுக்குப் பிழையாகவே பட்டாலும், அச்சில் உள்ளபடிதான் தர வேண்டும். பத்துப் பக்கம் இப்படிப் பார்த்தால் கண் பழகத் தொடங்கும். ஐம்பது பக்கத்தில் பழைய அச்சைத் தடுக்காமல் வாசிப்பீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் வண்ண முறை. யாரும் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். பச்சையாக வேண்டுமானால் இன்னொருவர் பார்த்தாக வேண்டும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க முடியாது. உங்கள் வேலையை உங்களுக்குப் பிறகு ஒருவர் பார்ப்பது இங்கே அமைப்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது. அவர் எந்த எழுத்தை மாற்றினார் என்று 'வரலாறு' பகுதியில் வரிக்கு வரி தெரியும். நான் மஞ்சளாக்கிய ஒரு பக்கத்தில் பின்னால் வந்தவர் ஏழு இடங்களைத் திருத்தியிருந்தார். ஏழில் ஐந்து ஒற்றுப்பிழை. இருபத்தைந்து ஆண்டாகப் பத்திரிகை அடிக்கிறவனுக்கு ஐந்து ஒற்றுப்பிழை! அதை மணிவிழா மலருக்குப் பணம் கொடுத்த யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பெட்டியடி என்றால் இதுதான். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், பதினைந்து நிமிடம். யாரும் வணக்கம் சொல்ல மாட்டார்கள்.

குறையும் இருக்கிறது. உரிமைக் காலம் முடிந்த நூல்களோ உரிமையாளர் விடுவித்த நூல்களோதான் இங்கே வரும். நம் நாட்டில் ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் கழிய வேண்டும். உங்கள் வீட்டுக் கையெழுத்துப் பேரேட்டை இங்கே கொண்டுவர முடியாது. பழைய அச்சு படிக்கப் பழகிய கண்ணுக்குக் கையெழுத்து எளிதாகும் என்பது என் அனுபவம். எல்லோருக்கும் அப்படியா என்றால் உறுதி சொல்ல மாட்டேன். தோள் வலிக்கும். நன்றி சொல்ல ஆளிருக்காது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா பழைய புத்தகங்களையும் நோட்டீசுகளையும் வாங்கிச் சேர்த்த காலத்திலும் யாரும் கைதட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. 1992இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் அமைந்தது.

## தமிழ் விக்கிப்பீடியா

2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய இடம். 'ஆலமரத்தடி' என்று பொதுப் பேச்சுக்கு ஓரிடம், 'ஒத்தாசைப் பக்கம்' என்று சந்தேகம் கேட்க ஓரிடம், 'மணல்தொட்டி' என்று கிறுக்கிப் பார்க்க ஓரிடம். பெயர்களைப் பார்த்தால் மென்மையான இடம் என்று தோன்றும்.

என் முதல் கட்டுரை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. ஒரு கோயிலைப் பற்றி, கும்பாபிஷேக மலரிலிருந்து இரண்டு பக்கத்தை அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். நீக்கிவிட்டார்கள். "அந்த மலரை அடித்ததே நான்தான்" என்று பேச்சுப் பக்கத்தில் சண்டைக்குப் போனேன். "அச்சடித்தவருக்கு உரிமை வராது, எழுதியவருக்குத்தான் வரும்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. கோபித்துக்கொண்டு வெளியேறினேன். எட்டு மாதம் கழித்துத் திரும்பினேன். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இன்றும் மற்றவர்கள் எழுதியதை மலருக்கு மலர் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன்.

இங்கே குடும்ப வரலாறு எழுத முடியாது. 'என் ஐயா சொன்னார்' என்பது சான்று ஆகாது. அச்சில் வந்த ஆதாரம் வேண்டும். காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917இல் தொடங்கியது, 1919இல் பாரதி அங்கே வந்து சங்கத்தாரை வாழ்த்திப் பாடினார் என்பது போன்ற செய்திகளுக்கு நூல் ஆதாரம் இருக்கிறது, ஆகவே எழுதலாம். உங்கள் வளவில் யார் யார் குடியிருந்தார்கள் என்பதற்கு இது இடம் இல்லை. சேர்ந்த முதல் வாரத்திலேயே கட்டுரை தொடங்குவது, துணி வெட்டிப் பழகுவது போலத்தான். மற்றவர் கட்டுரையில் எழுத்துப்பிழை திருத்துங்கள், சான்று சேருங்கள்.

படம் ஏற்றுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். விக்கிப்பீடியாவின் படக் கிடங்கான விக்கிமீடியா பொதுவகத்தில் ஒரு முறை திறந்த உரிமத்தில் கொடுத்த படத்தைத் திரும்பப் பெற முடியாது. உங்கள் பெயரைப் போட்டுவிட்டு யாரும் விளம்பரத்துக்குக்கூடப் பயன்படுத்தலாம். உங்களுக்குக் காசு வராது. படக்கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறிப்பும் கூடவே போகும், கேமராவில் அதை முன்னதாகவே அணைத்துவிடுங்கள்.

## ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய, யாரும் திருத்தக்கூடிய வரைபடம். வேறு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்துப் படி எடுக்கக் கூடாது. நடந்து பார்த்ததைக் குறிக்க வேண்டும். பேரேட்டுக்கு இது உதவாது. பழைய கடிதத்தின் முகவரியைத் தேடுகிறவருக்கு உதவும். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் நம் வீடுகளுக்கு எந்தத் தெருப்பெயரைப் போடுவது என்று நான் அரை நாள் திண்டாடியிருக்கிறேன். ஊருணிகளுக்குத் தமிழ்ப் பெயர் சேர்ப்பது நல்ல தொடக்கம். விடுமுறைக்கு வந்து வீட்டில் சலித்துக் கிடக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

## ஆச்சி எடுத்த முடிவு

பதினோரு குழுக்களில் ஒன்பதை அன்றே விட்டார். முப்பது பேர் குழுவையும், படங்களுக்காகப் பேஸ்புக்கில் ஒன்றையும் வைத்துக்கொண்டார். விக்கிமூலத்தில் நாளொன்றுக்கு ஒரு பக்கம் என்று தொடங்கினார். நடுவில் பேரன் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் நின்றுபோயிற்று. விக்கிப்பீடியா வேண்டாம் என்றார். "திட்டு வாங்கும் வயதைத் தாண்டிவிட்டேன்."

இந்த ஆடியில் அதே மஞ்சள் பையோடு வந்தார். போன வருடம் அவருக்காக நான் படித்துப் பென்சிலில் குறித்துக் கொடுத்த பக்கத்தை எடுத்துப் போட்டார். நான்காவது வரியில் விரலை வைத்து, "இதை வரவு என்று எழுதியிருக்கிறீர்கள் தம்பி. சுழியைப் பாருங்கள்" என்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பற்றுதான்.